சிவப்பு பட்டன் தொடைக்கு எட்ட வேண்டும்

மரப்பட்டறைக்கு லைன் இழுக்கப் போனால் உரிமையாளர் முதலில் கேட்பது, "ஒயர் எத்தனை மீட்டர் வரும்?" என்பதுதான். மெயின் போர்டு வாசல் ஓரம் இருக்கும். ரம்ப மெஷின் கொட்டகையின் நடுவிலோ பின்சுவரை ஒட்டியோ நிற்கும். போர்டிலிருந்து சுவரோடு ஒரு பைப், வாகான உயரத்தில் ஒரு பலகை, அதில் ஸ்டார்ட்டர், அங்கிருந்து தரைக்கடியில் மோட்டாருக்கு கேபிள். அரை நாள் வேலை. மரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மெஷின் முன்னால் நிற்கப்போகிறவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார், அவசரத்துக்கு அந்தச் சிவப்பு பட்டன் அவருக்கு எட்டுமா என்று அந்த அரை நாளில் யாரும் கேட்பதில்லை. ஸ்டார்ட்டர் இருக்க வேண்டிய இடத்தை ஒயரின் நீளம் முடிவு செய்துவிடுகிறது.

தென்காசிப் பக்கம் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். பட்டறைகளுக்கு வயரிங்கும் செய்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தடிகள் லாரியில் வந்து, செங்கோட்டை மரமில்களில் அறுபட்டு, நிலையும் கதவும் ஜன்னலும் செய்கிற சிறு பட்டறைகளுக்குப் பிரிந்து போகிற பகுதி எங்களுடையது. இங்கே டீக்கடையில் கிளாஸ் பிடித்திருக்கிற கையைப் பார்த்தாலே யார் மெஷின் ஆசாரி என்று சொல்லிவிடலாம். ஆட்காட்டி விரலில் பாதி இருக்காது, அல்லது கட்டை விரல் நுனி மழுங்கியிருக்கும். தொழில் என்றால் அப்படித்தான் என்று அவர்களே சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்த விரல்களில் எத்தனையோ, சுவிட்சைத் தப்பான இடத்தில் வைத்ததால் போனவை. இரண்டு கையையும் மரத்திலிருந்து எடுக்காமல் நிறுத்த முடியாத ரம்ப மெஷின் எந்தப் பட்டறையிலும் ஓடக் கூடாது என்பது என் கட்சி.

ஏன் இரண்டு கை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேசையின் பிளவு வழியே மேலே தெரிகிற பிளேடு, நமக்கு நேரே இருக்கும் பக்கத்தில் கீழ்நோக்கிச் சுற்றுகிறது. அந்தப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தி அறுக்கும். பிளேடின் பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே ஏறி வருகின்றன. மரம் நேராகப் போகிற வரை பின்பக்கப் பற்களுக்கு வேலை இல்லை. ஆனால் மரத்துக்குள் இழுப்பு என்று ஒன்று உண்டு. சரியாகக் காயாத வேம்பிலும் வாகையிலும், சில சமயம் நல்ல தேக்கிலும்கூட, அறுத்து முடிந்த பகுதி மெல்ல உள்ளே வளைந்து பிளேடைக் கவ்வும். அந்த நொடியில் பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி, நிற்கிற ஆள் மேலேயே எறியும். மரம் திருப்பி அடிக்கிறது என்பார்கள். நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடுகிற 12 அங்குல பிளேடில், பல்லின் வேகம் விநாடிக்குச் சுமார் 46 மீட்டர், அதாவது மணிக்கு 165 கிலோமீட்டர். மரம் வயிற்றில் அடிக்கும். அதோடு அது இருந்த இடம் வெற்றிடமாகி, அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிளேடின் மேல் விழும். விரல் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அசைவில்தான்.

அனுபவப்பட்ட ஆசாரிக்கு இது வருவது முன்கூட்டியே தெரியும். சத்தம் மாறும், மோட்டார் முனகும், கருகிய வாடை லேசாக வரும். அப்போது அவருடைய இரண்டு கையும் மரத்தை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கின்றன. கையை எடுத்தால் மரம் எகிறும். எடுக்காமல் நின்றால் பிளேடு சூடேறி இன்னும் இறுகும். ஸ்டார்ட்டரோ நாலு எட்டு தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. கையாளைக் கூப்பிடலாம் என்றால் அந்த இரைச்சலில் அவனுக்குக் கேட்காது. தேர்ந்த தொழிலாளியை, தனக்குத் தெரிந்ததைச் செய்ய விடாமல் கட்டிப்போட்டிருக்கிறது அந்தச் சுவர் ஸ்டார்ட்டர். தையல் மெஷினைப் பாருங்கள்: கை இரண்டும் துணியில் இருக்கும் என்பதால் ஓட்டுவதையும் நிறுத்துவதையும் காலுக்குக் கொடுத்துவிட்டார்கள். துணி தைப்பவருக்குக் கிடைத்த அந்த மரியாதை மரம் அறுப்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. சுவிட்ச் தூரமாக இருக்கிற பட்டறையில் மெஷின் நிற்பதே இல்லை. செங்கோட்டை ரோட்டில் ஒரு பட்டறை. கம்பைண்ட் மெஷின், ஒரே ஷாஃப்டின் ஒரு முனையில் இழைப்பு பிளேடு, மறு முனையில் ரம்பம். இழைக்கிறவர் பக்கம் நின்றால் ஸ்டார்ட்டர் தெரியும். ரம்பத்தின் பக்கம் நின்றால், ஸ்டார்ட்டர் இருக்கிற சுவரில் சாத்தி வைத்த நிலைச்சட்டங்கள்தான் தெரியும். பட்டன்களின் மேல் மரத்தூள் அப்பிக் கிடக்க, எது சிவப்பு, எது பச்சை என்று விரலால் துடைத்துத்தான் நானே பார்த்தேன். அங்கே வேலை செய்கிற பெரியவர் என்னிடம் சொன்னார்: "காலைல போட்டுவிட்டா டீ டயத்துக்குத்தான் நிப்பாட்டுவேன் அண்ணாச்சி. ஒரு ரீப்பர் அறுக்கதுக்கு ஒருக்க, கைடை நகட்டதுக்கு ஒருக்கன்னு யாரு அந்தச் சுவரு வரைக்கும் போய்ட்டு வாரது?"

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிளேடுக்கும் மேசைத் தகட்டுக்கும் நடுவே ஒரு சிம்பு மாட்டிக்கொண்டது. பிளேடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் கிடந்த ஒரு மெல்லிய ரீப்பர் துண்டை எடுத்து, பிளேடைத் தொட்டும் தொடாமலும் அந்தச் சிம்பைத் தட்டிவிட்டார். கை நடுங்கவில்லை. கண் ஒரு கணம் என் பக்கம் திரும்பி மறுபடி பிளேடுக்குப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அவரிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை; அவர் அளவுக்குக் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. பட்டன் தொடைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் மெஷினை நிறுத்தியிருப்பார், பிளேடு அடங்கும் வரை ஒரு மூச்சு நின்றிருப்பார், பிறகு கையாலேயே எடுத்திருப்பார். நாள் முழுவதும் ஓடுகிற பிளேடின் பக்கத்தில் அளவெடுக்கிறார்கள், கைடு மாற்றுகிறார்கள், தூள் தள்ளுகிறார்கள், ஃபோன் பேசுகிறார்கள். நிறுத்துவது சிரமமாக இருக்கிற வரை இந்தப் பழக்கம் எந்தப் புத்திமதியாலும் மாறாது.

கரண்ட் போய் வருகிற விஷயமும் இதோடு சேர்ந்தது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பட்டறைகள் உட்கார்ந்திருந்தன. இன்றும் மழைக்காலத்தில் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். ஒழுங்கான ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் போனதும் உள்ளே இருக்கும் காந்தக் காயில் பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்ப வந்தாலும் பச்சை பட்டனை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். ஆனால் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் வைத்திருக்கிற சின்னப் பட்டறைகளில் வெறும் டாகிள் சுவிட்சோ எம்.சி.பி.யோதான் இருக்கிறது. கரண்ட் போனபோது அது ஆன் நிலையிலேயே நிற்கும். சுவிட்ச் எதிர்ச்சுவரில் என்றால், மெஷினுக்குக் கரண்ட் இல்லையா, சுவிட்சே ஆஃப்பா என்பது நிற்கிற இடத்திலிருந்து தெரியாது. பிளேடைக் கழற்றிச் சாணை வைக்க இதுதான் நேரம் என்று ஸ்பேனரோடு குனிகிறவர் தலைக்கு மேலே, எந்த நொடியும் கரண்ட் வரலாம். காயில் எரிந்துபோன ஸ்டார்ட்டரில் பச்சை பட்டன் நிற்பதற்காக மரச்சீவலைச் செருகி ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஸ்டார்ட்டரை முதலில் மாற்றாமல் அங்கே வேறு எந்த வேலையும் நான் செய்வதில்லை.

என் தொழில்காரர்களே எனக்கு எதிராகச் சொல்கிற வாதம் ஒன்று உண்டு: மெஷினோடு ஸ்டார்ட்டரை மாட்டினால் தூள் புகுந்து கான்டாக்ட் கருகும், அதிர்வில் ஸ்க்ரூ தளரும். உண்மைதான். அதனால் ஸ்டார்ட்டரை மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டாம், அது சுவரிலேயே இருக்கட்டும். நிறுத்துகிற பட்டன் ஒன்றை மட்டும் மேசைக்குக் கொண்டுவந்தால் போதும். ஸ்டார்ட்டரின் காந்தக் காயிலுக்குப் போகிற லைனைத் துண்டித்து, அந்த இரண்டு முனையையும் மெல்லிய கண்ட்ரோல் ஒயரில் நீட்டி, மேசையின் முன்பக்கம் ஒரு காளான் தலை பட்டனில் சேர்க்க வேண்டும். பட்டன் சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாக இருக்க வேண்டும். அழுத்தினால் லைன் அறுந்து காயில் விட்டுவிடும். இந்த முறையில் இன்னொரு நன்மை: எலி கடித்து ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும், தானாக ஓடாது. பட்டனும் பெட்டியும் பைப்பும் ஒயரும் சேர்ந்து சின்னப் பட்டறையில் ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதில்லை. அந்த ஒயரிலும் முழு வோல்டேஜ் ஓடும் என்பதால் பைப்புக்குள்தான் போக வேண்டும், பெட்டி தூள் புகாததாக இருக்க வேண்டும், மேசைக்கு எர்த் கட்டாயம்.

பட்டனின் முன்னால் மேசை அகலத்துக்கு ஒரு பலகையைக் கீல் போட்டுத் தொங்கவிட்டால் வேலை இன்னும் சுலபம். தொடை பலகையில் பட்டால் பலகை பட்டனை அழுத்தும். குனியவோ தேடவோ வேண்டாம். இதை ஆசாரியே ஒரு மணி நேரத்தில் செய்துகொள்வார், என்னைவிட அழகாகவும் செய்வார். மேசை 33, 34 அங்குல உயரம் என்றால் பட்டன் தரையிலிருந்து 25, 26 அங்குலத்தில் சரியாக இருக்கும். கைடு வலப்பக்கம் இருக்கிற மெஷினில், விஷயம் தெரிந்தவர் பிளேடுக்கு நேராக நிற்காமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார். பட்டன் அவருடைய இடது தொடைக்கு நேரே வர வேண்டும், பிளேடுக்கு நேர்க்கோட்டில் வரவே கூடாது. ஏழடி நிலைச்சட்டம் அறுக்கும்போது மறுபக்கம் நின்று வாங்குகிற கையாளுக்கும் ஒரு பட்டன் வேண்டும்; அதே ஒயரில் தொடராக இன்னொன்றைச் சேர்ப்பதுதான், வேறு செலவில்லை. காலால் மிதிக்கிற சுவிட்சை நான் சொல்வதில்லை. அரை நாளில் அது தூளுக்கும் கழிவுத் துண்டுகளுக்கும் அடியில் போய்விடும்.

தொடை தவறுதலாகப் பட்டு மெஷின் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நிறுத்துவது மட்டும்தான் மேசைக்கு வருகிறது. ஓட்டுகிற பச்சை பட்டன் பள்ளத்துக்குள் அமுங்கியிருப்பதாக, கை விரலால் வேண்டுமென்றே அழுத்தினால்தான் வேலை செய்வதாக, சுவரிலேயே இருக்கட்டும். தவறுதலாகத் தொடை பட்டால் மெஷின் நிற்கும், அவ்வளவுதான்.

"அடிக்கடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா காயில் போயிரும்" என்பது பட்டறை முதலாளிகளிடம் நான் அதிகம் கேட்கிற பேச்சு. காயில் கட்டுகிறவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் வழக்கமான கரண்டைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் மரம் எதுவும் தொடாமல் சுற்ற ஆரம்பிக்கிற ரம்பம் ஓரிரு விநாடியில் முழு வேகத்துக்கு வந்துவிடும், கரண்டும் இறங்கிவிடும். மணிக்கு நாலைந்து தடவை அப்படிச் செய்வதை 3 ஹெச்.பி. மோட்டார் தாங்கும். என் கடைக்கு எரிந்து வருகிற ரம்ப மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். ஒரு ஃபேஸ் போய் மற்ற இரண்டில் ஓடியது, வோல்டேஜ் குறைவு, மொட்டை பிளேடில் விடாமல் தள்ளியது, ஓவர்லோட் ரிலேவை "அடிக்கடி விழுது" என்று ஏற்றி வைத்தது. பிளேடு கவ்விக்கொண்டு நிற்கும்போது உடனே நிறுத்த முடியாததாலும் எரிகிறது. பட்டன் பக்கத்தில் இருந்தால் மோட்டாரும் பிழைக்கும்.

இந்தப் பட்டனால் எல்லா விபத்தும் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. பிளேடைத் தொட்டுவிட்ட விரலை எந்த பட்டனும் காப்பாற்றாது, நிறுத்திய பிறகும் பிளேடு பல விநாடி சுற்றும். தொட்ட நொடியிலேயே நிறுத்துகிற மெஷினும் உலகில் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-இல் அந்த யோசனைக்கு உருவம் கொடுத்தார். பிளேடில் ஓடும் சிறு மின்சமிக்ஞை, மனிதத் தோல் பட்டதும் மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து சுமார் 5 மில்லி விநாடியில் பிளேடை நிறுத்திவிடும். 'சா ஸ்டாப்' என்று அதற்குப் பெயர். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் வைத்துச் செய்த மெஷினில் வேலை பார்க்கிற நம் ஆசாரிக்கு அது எட்டாத விலை. அவர் கைக்கு இன்றைக்கே எட்டக்கூடியது இந்தப் பட்டன்தான். விரல் போன பிறகு செய்யக்கூடியது குறைவு. கத்தி வெட்டு போல அல்ல ரம்ப வெட்டு. பிளேடின் கனத்துக்குச் சதையையும் எலும்பையும் அரைத்துத் தூளாக்கிவிடுவதால் ஒட்டவைப்பது கடினம். கைக்கென்றே தனி அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிற சென்னை ஸ்டான்லி மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணம்.

சட்டத்துக்கு இது தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். பிரிட்டனில் 1922-இலேயே மரவேலை இயந்திரங்களுக்கென்று ஒரு விதித்தொகுப்பு வந்தது. ஒவ்வொரு மெஷினிலும் ஓட்டவும் நிறுத்தவும் சாதனம் வேண்டும், அதை இயக்கும் ஆளுக்கு உடனே வசதியாக எட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். நம்முடைய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, வேலைக்கூடம் ஒவ்வொன்றிலும் அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் வேண்டும் என்றது. அமெரிக்க விதி இன்னும் வெளிப்படை: ஆள் தான் நிற்கும் இடத்தை விட்டு நகராமலே துண்டிக்க முடிய வேண்டும், கரண்ட் திரும்ப வரும்போது மெஷின் தானாக ஓடக் கூடாது. ஆனால் நம் சட்டம் மின்சாரத்தில் இயங்கும் இடமானால் 10 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்று கணக்கு வைத்தது; 2020-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. நிலையும் கதவும் செய்கிற பட்டறையில் மூன்று பேர் இருப்பார்கள், மிஞ்சினால் ஐந்து. அவர்களுக்கும் கை இரண்டுதான், மரமும் அப்படியேதான் திருப்பி அடிக்கிறது.

அதே சட்டப் புத்தகங்களில் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. விரல் விரலாக இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட முடிந்த அரசுக்கு, ஒரு பட்டனின் இடத்தைச் சின்னப் பட்டறைக்கும் சேர்த்து நிர்ணயிக்க முடியும். நான் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர்கள் ஒவ்வொரு கொட்டகையாக ஏறி இறங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அரசுக்குக் கையில் வேறு பிடி இருக்கிறது. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில் செய்வோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய், மானியமும் உண்டு. இதுபோன்ற கடன்களில் ஆசாரிகள் ரம்ப மெஷினும் கம்பைண்ட் மெஷினும் வாங்குகிறார்கள். மெஷின் விற்பவரின் கொட்டேஷன் விண்ணப்பத்தோடு போகிறது. அந்தக் கொட்டேஷனில் இரண்டு வரி கட்டாயமாக்கினால் போதும்: "நிறுத்தும் பட்டன் மேசையின் முன்பக்கம், கையை எடுக்காமல் தொடையால் அழுத்தும்படி. கரண்ட் திரும்பினால் தானாக ஓடாத ஸ்டார்ட்டர்." மாவட்டத் தொழில் மையம் இந்த இரண்டு வரி இல்லாத கொட்டேஷனைத் திருப்பி அனுப்பட்டும். மெஷின் அடிக்கிற வெல்டிங் பட்டறைக்காரர் ஒரே மாதத்தில் முன்பக்க ஆங்கிளில் பட்டனுக்குத் துளை போட்டே விற்க ஆரம்பித்துவிடுவார், ஏனென்றால் அது இல்லாமல் அவர் மெஷின் விற்காது. மானியத்தை விடுவிக்கும் முன் பட்டறைக்கு வந்து மெஷினைப் படம் எடுக்கிற அதிகாரி, மேசைக்கு முன்னால் ஆசாரியை ஒரு சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கச் சொல்லி, ஓடுகிற மெஷினை அப்படியே நிறுத்திக் காட்டச் சொல்லட்டும். காட்ட முடிந்தால் கையெழுத்துப் போடட்டும்.